பித்தளைக் குழலில் கமகம்

மணலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஆனால் திருவொற்றியூருக்கு அருகிலுள்ள இந்த ஊருக்கு இசை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வர், ராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை இங்கே அழைத்து ஆதரித்தார். அக்குடும்பத்தின் மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் பிள்ளைகள் பாடும் பாடல்கள் அவையே. இளைய மகன் பாலுசுவாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதில் கர்நாடக இசையை வாசித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

வயலினில் ஒரு வசதி உண்டு. அதன் கழுத்தில் மெட்டுகள் கிடையாது. விரலைத் தந்தியின் மேல் விரும்பியபடி வழுக்கிச் செல்லலாம். நமது இசைக்கு உயிரான கமகம் எளிதாகப் பிறக்கும். அப்படி வழுக்க இடமே தராத ஒரு மேல்நாட்டுக் கருவி வந்தால் என்ன ஆகும்? அதுதான் சாக்ஸபோனின் கதை.

பித்தளைதான், ஆனால் பித்தளை வாத்தியம் அல்ல!

பெல்ஜியம் நாட்டில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் இக்கருவியை உருவாக்கி 1846இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். திறந்த வெளியில் அணிவகுக்கும் இராணுவ பாண்டுக்கு, எக்காளம் போல உரக்கவும் கிளாரினெட் போல விரைவாகவும் ஒலிக்கும் கருவி தேவைப்பட்டது. சாக்ஸபோன் பித்தளையால் ஆனதாயினும், இசை அறிஞர்கள் அதை மரக்குழல் வாத்தியங்களோடுதான் சேர்க்கிறார்கள். காரணம், அதன் ஊதுவாயில் உள்ள ரீடு. நாணலைச் சீவிச் செய்த இந்த மெல்லிய தகடு துடித்து, காற்றை விட்டுவிட்டு உள்ளே அனுப்புகிறது. குழலுக்குள் உள்ள காற்றுத் தம்பமும் அதிர்கிறது.

ஆல்டோ சாக்ஸபோனின் எல்லாத் துளைகளையும் மூடினால் காற்றுத் தம்பத்தின் நீளம் ஏறக்குறைய 1.2 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால், அதாவது 2.4ஆல் வகுத்தால் சுமார் 140 கிடைக்கிறது. கருவியின் மிகத் தாழ்ந்த ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ இதுவே. ஒவ்வொரு துளையாகத் திறக்கும்போது தம்பம் குறுகி, சுருதி உயர்கிறது.

குழலின் வடிவமும் முக்கியம். கிளாரினெட் ஒரே அகலமுள்ள உருளை. அதில் மேல் ஒலிக்குத் தாவினால் அதிர்வெண் மூன்று மடங்காகும். சாக்ஸபோனோ நமது நாகஸ்வரத்தைப் போலக் கூம்பு வடிவம் கொண்டது. அதில் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது, கீழ் ஸட்ஜத்திலிருந்து நேரே மேல் ஸட்ஜம்!

ராணுவத்திலிருந்து ராக் வரை

சாக்ஸபோன் இராணுவத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் ஜாஸ் இசையின் முக்கியக் குரல் ஆயிற்று. பிறகு ராக் இசைக் குழுக்களிலும் புகுந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் 1972 முதல் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ் பெரும்புகழ் பெற்றார். 1989இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய மார்ஃபின் என்ற மாற்று ராக் குழுவோ வழக்கமான மின்கிட்டாரையே ஒதுக்கிவிட்டது. இரண்டே தந்திகள் கொண்ட பேஸ் கிட்டார், டிரம், அவற்றோடு டானா காலியின் பாரிடோன் சாக்ஸபோன், அவ்வளவுதான். பாரிடோன் என்பது ஆல்டோவை விட ஏறக்குறைய இரு மடங்கு நீளமானது. அதன் தாழ்ந்த ஒலி 70 அதிர்வுகளுக்கு அருகில் வரும். காலி சில வேளைகளில் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார்!

நாகஸ்வரக்காரர் மகன்

நம் நாட்டுக்கு வருவோம். கத்ரி கோபால்நாத் 1949இல் கர்நாடகத்தின் தென்கன்னடப் பகுதியில் பிறந்தார். தந்தை தனியப்பா நாகஸ்வர வித்வான். இளவயதில் மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்ட கோபால்நாத், அதையே தன் கருவியாகக் கொள்ள முடிவு செய்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார்.

அவருக்கு எதிரே நின்ற சிக்கல் என்ன? நாகஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் படுகிறது. அரைத் துளை, கால் துளை என்று மூடி சுருதியை நெகிழ்க்கலாம். சாக்ஸபோனில் இருபதுக்கு மேற்பட்ட துளைகள் உள்ளன; விரலோ எதன் மேலும் படுவதில்லை. விரல் அழுத்துவது விசையை; துளையை மூடுவது விசையின் மறுமுனையில் உள்ள மெத்தை. மூடு அல்லது திற என்பதே அதன் இயல்பு. தோடி ராகத்தின் காந்தாரத்தைப் போல அசைந்து நிற்கும் ஸ்வரத்தை இதில் எப்படிக் கொண்டு வருவது?

விடை விரலில் மட்டும் இல்லை, உதட்டிலும் இருந்தது. ரீடின் மீது உதட்டின் அழுத்தம் சற்றே தளர்ந்தால் சுருதி இறங்கும், இறுகினால் ஏறும். தொண்டையும் நாக்கும் வாய்க்குள் அமையும் விதமும் சுருதியை மாற்றும். மூச்சு, உதடு, விரல் மூன்றும் இம்மியும் பிசகாமல் ஒத்துழைக்க வேண்டும். இதற்கு வேண்டியது பல்லாண்டுச் சாதகம். பாண்டு வாத்தியத்தில் ராக ஆலாபனையா என்று ஐயுற்றவர்களுக்கு அவர் கச்சேரி மேடையிலேயே பதில் சொன்னார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டியோடு சேர்ந்து வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் இசை விழாவில் வாசித்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'டூயட்' திரைப்படம் அவரது இசையைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019 அக்டோபர் 11இல் காலமானார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பூவரசம் இலையைப் பறித்து, ஒரு முனை குறுகலாக, மறுமுனை அகலமாகச் சுருட்டுங்கள். குறுகிய முனையை மெல்ல நசுக்கி வாயில் வைத்து ஊதினால் பீப்பீ என்று ஒலிக்கும். கூம்புக் குழல், துடிக்கும் நாக்கு இரண்டும் உங்கள் கையில் வந்துவிட்டன! அகன்ற முனையில் இன்னோர் இலையைச் சுற்றிக் குழலை நீளமாக்கி ஊதுங்கள். ஒலி உயர்கிறதா, தாழ்கிறதா? அடுத்து, நீளத்தை மாற்றாமல் உதட்டின் அழுத்தத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் ஊதிப் பாருங்கள். முதற் சோதனை சாக்ஸபோனின் விசைகள் செய்யும் வேலை. இரண்டாவது, கத்ரி கோபால்நாத்தின் உதடுகள் செய்த வேலை. இரண்டில் எது கடினம் என்பதை ஊதிப் பார்த்தபின் நீங்களே சொல்லுங்கள்.