நீராற் குளிரும் கணிப்பொறிக்கேற்ற பேழை

நம் சோழநாட்டுக் குடியானவர் நெல் சேமித்துவைக்கும் பத்தாயத்தைத் தச்சரிடம் செய்விக்குங்கால் அதன் முகப்பழகை முதற்கண் கருதுவதில்லை. எத்தனை கலம் கொள்ளும், தரையின் ஈரம் ஏறாதபடி கால்கள் உயர்ந்துள்ளனவா, மேல்வழியே கொட்டியதைக் கீழ்வாய் வழியே எடுத்தல் எளிதா, எலி புகும் இடுக்கு உண்டா என்பனவே அவர் வினவுவன. இந்நாளில் கணிப்பொறியைத் தம் கையாலேயே கூட்டியமைத்து, அதனை நீரோட்டத்தாற் குளிர்விக்க விரும்பும் இளைஞர் நம்மிடையேயும் தோன்றியுள்ளனர். அவருட் பலர், அப்பொறியைத் தாங்கும் பேழையை, அதாவது கடைவீதியில் 'கேபினெட்' என்று வழங்குவதை, படத்திற் கண்ட வண்ண ஒளியையும் கண்ணாடியையும் கொண்டே தெரிந்தெடுக்கின்றனர். பத்தாயத்தைக் குறித்துக் கேட்கும் வினாக்களையே இப்பேழையைக் குறித்தும் கேட்டல் தகும் என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களைத் தஞ்சைத் தரணியின் வெயிலையும் தூசியையும் ஈரத்தையும் உளங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நீர் செய்யும் தொழில் யாதென முதலில் அறிதல் வேண்டும். கணிப்பொறியில் மிகுதியாகச் சூடேறும் உறுப்புக்கள் இரண்டு. ஒன்று, கணக்கிடும் மூளையாகிய பிராஸஸர். மற்றொன்று, திரையிற் காணும் படங்களைத் தீட்டுகின்ற கிராபிக்ஸ் அட்டை. இவற்றின்மேல் நுண்ணிய கால்கள் வெட்டப்பட்ட செப்புக்கட்டையைப் பொருத்தி, ஒரு சிறு பம்பினால் அக்கால்களினூடே நீரை ஓட்டுவர். சூடேறிய நீர் குழாய்வழியே சென்று, மெல்லிய தகடுகள் செறிந்த ரேடியேட்டரினுட் புகும். மோட்டார் வண்டியின் முகப்பிலுள்ள கருவி போன்றதே இதுவும். ஆங்கு விசிறிகள் காற்றை வீச, நீர் தன் சூட்டைக் காற்றினிடம் ஒப்படைத்துவிட்டுத் தொட்டிக்கு மீளும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். ஆதலின் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் ஓடும் நீர், ஒரு டிகிரி மட்டுமே சூடேறி, ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தைச் சுமந்து சென்றுவிடும். இத்துணைச் சிறந்த சுமையாள் வேறில்லை. எனினும் நீர் சுமையாளே அன்றிச் சுமையை ஒழிப்பவன் அல்லன். இறுதியில் அச்சூடு முழுவதையும் ஏற்றுக்கொள்வது அறையிலுள்ள காற்றே. அக்காற்றினும் குளிர்ந்த நிலைக்கு நீர் ஒருபோதும் வாராது.

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1980இல் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறி நீராற் குளிர்விக்கப்பட்டதே. 1985இல் வெளிவந்த க்ரே-2 இன்னும் ஒருபடி மேற்சென்று, மின்சாரத்தைக் கடத்தாத திரவமொன்றில் தன் சுற்றுக்கள் மூழ்கியிருக்கவே இயங்கிற்று. நமக்கு அண்மையில், திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சைக்கு வரும் நெடுஞ்சாலையோரத்துத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்ற 'பரம் பொருள்' என்னும் 838 டெராஃபிளாப் ஆற்றலுடைய கணிப்பொறியும் திரவ ஓட்டத்தைக் கொண்டே தன் சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. ஆயின் அத்தகைய நிலையங்களில் திரவம் கொணர்ந்த சூட்டை வாங்கிக் கட்டடத்தின் புறத்தே கழித்தற்குத் தனிச் சாதனங்கள் உண்டு. மேசையருகே வைக்கும் பொறிக்கு அவ்வசதி இல்லை. அதன் வெப்பம் முழுவதும் பேழையின் துளைகள் வழியாகவே வெளியேறல் வேண்டும். ஆகவே பேழையை வெறும் உறையெனக் கொள்ளாது, ரேடியேட்டருக்கு மூக்காகவும் வாயாகவும் அமைந்த உறுப்பென்றே கொள்ளல் வேண்டும்.

இனிக் கணக்கிற்கு வருவாம். என்விடியா நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் கிராபிக்ஸ் அட்டைக்கு விதித்த மின்னளவு 450 வாட். பிராஸஸருக்கு 150 வாட் என வைத்துக்கொண்டால் மொத்தம் 600 வாட் ஆகும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று அமரும் ரேடியேட்டர்ப் பரப்பு, நீர் காற்றினும் 10 டிகிரி அளவு சூடாக நிற்குமாயின், ஏறத்தாழ 100 வாட் கழிக்கும் என்பது இத்துறையிற் பழகினோர் கைக்கணக்கு. அவ்வாறாயின் ஆறு விசிறிகளுக்கு இடம் வேண்டும். மூன்று விசிறி கொண்ட ரேடியேட்டர் இரண்டு வேண்டும்.

நம் ஊர்களில் இத்தகைய வலிய பொறியை நாடுவோர் பெரும்பாலும் யாவர்? திருமணப் படங்களைத் தொகுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர்களே. அவர்தம் தொழிலோ முகூர்த்தங்கள் மலிந்த சித்திரை, வைகாசித் திங்களிலேதான் இரவு பகலாக நடைபெறும். தஞ்சையில் அக்காலத்துப் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுவதுண்டு. அறைக்காற்று 36 டிகிரி எனக் கொண்டால், நல்ல பேழையிலும் நீர் 46 டிகிரியில் நிற்கும். காற்றோட்டம் தடைப்பட்ட பேழையினுள் காற்று மேலும் 8 டிகிரி சூடேறி, அச்சூட்டுக் காற்றையே ரேடியேட்டர் உண்ண நேர்ந்தால், நீர் 54 டிகிரியை எட்டும். அதன்மேல் தூசியும் படிந்துவிட்டால் 60 டிகிரி தொலைவில் இல்லை. பலரும் பயன்படுத்தும் டி5 வகைப் பம்பிற்கு விதிக்கப்பட்ட நீர்ச்சூட்டின் எல்லை 60 டிகிரியே. வளையாத குழாயாகப் பலர் விரும்பிப் பூட்டுகின்ற பி.இ.டி.ஜி. என்னும் ஒளிபுகு பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அச்சூட்டிலேயே இளகத் தொடங்கும். குழாய் இளகிப் பொருத்து நழுவினால், நீர் விழுமிடம் இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட அட்டையின் தலையிலாகும். அப்பொறியினுள்ளே இன்னும் கொடுத்து முடியாத பத்துத் திருமணங்களின் படங்கள் இருத்தலும் கூடும். குளிர்காலத்து நாடுகளிலிருந்து எழுதுவோர் இப்பேழையைப் புகழ்ந்தனர், அப்பேழையைப் புகழ்ந்தனர் என்பது நமக்குப் போதிய சான்றாகாமைக்குக் காரணம் இதுவே.

ஆதலின் பேழையிற் காணவேண்டிய முதற்குணம், ரேடியேட்டர் ஒவ்வொன்றும் புறக்காற்றை நேரே பெறுதற்கு வழியிருத்தல். முகப்பில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாக அமைப்பதே பெருவழக்கு. முகப்பிலுள்ளது தண்காற்றை உட்கொள்ளும். கூரையிலுள்ளதோ முன்னது சூடாக்கிவிட்ட காற்றைப் பெறும். தலைமடைக்காரர் எடுத்தது போகக் கடைமடைக்கு வரும் நீரின் கதைதான். இக்குறையைத் தீர்க்க, பேழையின் அடித்தளத்திலோ பக்கத்திலோ வேறு விசிறிகள் புதுக்காற்றை உட்செலுத்த இடமிருத்தல் நன்று. சூடான காற்று இயல்பாகவே மேலெழுமாதலின் கூரையை வெளிப்போக்கிற்கு விட்டுவிடலாம். நம் பழைய வீடுகளின் முற்றம் செய்வதும் அதுவே.

முகப்பு முழுதும் கண்ணாடியாய் அமைந்து, ஓரத்தில் விரலளவு இடுக்கு மட்டுமே விட்ட பேழைகள் இக்காலத்தில் மிகுதி. தஞ்சாவூர் ஓவியத்திற்குக் கண்ணாடி சிறப்பளிக்கும். ரேடியேட்டரின் முன்னர் அது மூச்சடைப்பேயாகும். பக்கவாட்டிற் கண்ணாடி இருப்பதில் தீங்கில்லை. குழாய்களின் அழகைக் காண விரும்புவோர் ஆங்குக் காண்க. முகப்பு நுண்துளைத் தகடாகவே இருக்கட்டும்.

துளையுள்ள இடத்தில் தூசி புகும் என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. தை, மாசியில் சம்பா அறுவடையாகும்போது யந்திரங்கள் வயலிற் கிளப்பும் துகளும், சாலைகளிற் காயவைத்துத் தூற்றும் நெல்லின் சுணையும் ஊர் முழுதும் பரவுகின்றன. அச்சுணை ரேடியேட்டரின் தகடுகளிடையே ஒருமுறை சிக்கிவிட்டால், நீரை வடித்துக் கழற்றாமல் முற்றிலும் போக்குதல் அரிது. ஆகவே காற்றை உட்கொள்ளும் ஒவ்வொரு வாயிலிலும் கழற்றிக் கழுவத்தக்க வலை வேண்டும். அவ்வலை முன்புறமாகவே உருவிவரல் வேண்டும். நீர் நிறைந்த பேழையைச் சாய்த்தும் நகர்த்தியுமே எடுக்கவேண்டிய வலையை எவரும் கழுவமாட்டார் என்பது அனுபவம். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை கழுவுக. மற்றொன்றும் உண்டு: வெளியேற்றும் விசிறிகளினும் உட்செலுத்தும் விசிறிகள் மிக்கிருப்பின், பேழையினுட் காற்றழுத்தம் சிறிது கூடி, வலையில்லாத இடுக்குகளின் வழியே தூசி புகாமல் காற்று வெளியே வீசும்.

எலியைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டுவதில்லை. நெல்நாட்டில் அதனை அறியாதார் யார்? மென்மையான ரப்பர்க் குழாயையும் மின்கம்பியையும் அது விடாது. பின்புறத்து வெற்றுத் துளைகளுக்கெல்லாம் மூடி இருக்கின்றதா எனப் பார்த்துக்கொள்க. பல்லிக்கும் அதுவே மருந்து.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குழாய்களின்மேல் நீர் வியர்த்து மின்சாரம் பாழாகுமென அஞ்சுவோரும் உளர். ஐஸ்தண்ணீர்ச் சொம்பு வியர்ப்பதன் காரணம், சுற்றியுள்ள காற்றின் பனிநிலையினும் அது குளிர்ந்திருத்தலாம். நம் பொறியின் நீர் அறைக்காற்றினும் எப்போதும் சூடாகவே இருத்தலின் அவ்வச்சம் வேண்டா. தொட்டியில் ஐஸ் இட்டு வித்தை காட்டுவோர்க்கு மாத்திரம் அது பொருந்தும். அவ்வித்தையை நம் காற்றில் எவரும் செய்துபார்க்க வேண்டா. ஈரம் தாக்குவது பேழையின் இரும்பையே. நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் வெட்டுமுனைகளில் துரு விரைவில் ஏறும். ஆங்கு வாழ்வோர் தகட்டின் விளிம்பெங்கும் வண்ணப்பூச்சு நன்கு படர்ந்துள்ளதா என விரலால் தடவிப் பார்த்தே வாங்குக. பேழையின் கால்கள் உயர்ந்திருத்தலும், அதனைத் தரையில் வையாது பலகைமேல் வைத்தலும் இன்றியமையாதன.

வடிகாலைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் பேழை வாங்குவோர் மிகுதியாக மறப்பது இதனையே. வாய்க்காலை வெட்டிவிட்டு வடிகாலை மறந்தால் வயல் என்னாகும் என்பதைக் கார்த்திகை மழையில் மூழ்கிய பயிரைக் கண்ட நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. நீர்ச்சுற்றிலுள்ள நீரை ஆண்டிற்கொருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். நின்ற நீரில் பாசியும் கசடும் தோன்றிச் செப்புக்கட்டையின் நுண்கால்களை அடைத்துவிடும். 2018 நவம்பர்த் திங்களிற் கஜா புயல் வீசியபின் டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்காகவும், சிலவற்றில் வாரக்கணக்காகவும் மின்சாரம் இல்லாதிருந்தது. அத்தகைய நீண்ட ஓய்வு நேரும்போதும் நீரை வடித்துவைப்பதே முறை. ஆதலின் சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு திருகுவாயை அமைக்கவும், அதன்கீழ் ஒரு கிண்ணத்தைச் செருகவும் பேழையின் அடியில் இடமிருத்தல் வேண்டும். நீர் ஊற்றும் வாய் மிக உயர்ந்த இடத்தில், கூரைத்தகட்டைக் கழற்றியவுடன் கைக்கெட்டுமாறு இருத்தல் வேண்டும். காற்றுக் குமிழிகள் வெளியேறும் வழியும் அதுவே. தொட்டி பம்பிற்கு மேலாக அமைதல் வேண்டும். நீரின்றி ஓடிய பம்பு விரைவில் கெடும். ஊற்றும் நீரோ வாலையில் வடித்த நீராகவோ, இதற்கெனவே விற்கப்படும் கூலன்டாகவோ இருத்தல் வேண்டும். காவிரி நீராயினும் ஆழ்குழாய் நீராயினும் அதிற் கரைந்துள்ள உப்புக்கள் இதற்கு ஆகா.

மின்வழங்கியைப் பேழையின் அடியில், நீர்க்குழாய்களுக்கு நேர்கீழே வைப்பது பொதுவழக்கு. அதனைத் தனியறையில் பக்கத்தே ஒதுக்கும் இருவறைப் பேழைகளும் உண்டு. கசிந்த துளி மின்வழங்கியின்மேல் விழாமையால் இவற்றையே நாம் மேலாகக் கருதுகின்றோம். அகலம் மிகுமாதலின் மேசை சிறிதாயுள்ளோர் மட்டும் தயங்குவர்.

அளவுகளைக் கடைக்காரர் சொல்லால் நம்பாது நாடா பிடித்தே அறிக. 360 என்று பெயரிட்ட ரேடியேட்டரின் 360 மில்லிமீட்டர் மூன்று விசிறிகளின் நீளமே. இரு முனைகளிலுமுள்ள நீரறைகளைச் சேர்த்தால் 400 மில்லிமீட்டர் வரை ஆகும். 30 மில்லிமீட்டர் தடித்த ரேடியேட்டரோடு 25 மில்லிமீட்டர் விசிறி சேர 55 ஆகும். இது கூரையினின்று தொங்கும்போது மதர்போர்டின்மேல் நிற்கும் நினைவகத் தகடுகளை இடிக்குமா எனவும், முகப்பில் நிற்கும்போது நீண்ட கிராபிக்ஸ் அட்டைக்கு இடம் விடுமா எனவும் பார்த்தல் வேண்டும். இன்டெல் நிறுவனத்தார் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். மதர்போர்டின் அளவு 305க்கு 244 மில்லிமீட்டர்; பேழை அதனைக் கொள்ளும் என்ற ஒரு சொல்லே நீர்ச்சுற்றிற்கும் இடமுண்டென்பதற்கு உறுதியாகாது.

விடுதிக்கும் வீட்டிற்கும் பேருந்தில் பொறியைத் தூக்கிச் செல்லும் மாணவர்க்கு இவை யாவும் வேண்டா என்றே கூறுவோம். அவர்தம் பொறிக்கு நல்லதொரு காற்றுக் குளிர்ப்பி போதும். மிஞ்சிய பணத்தில் நூல்கள் வாங்கலாம். நீர்ச்சுற்றையே துணிந்தவர், எல்லாம் பூட்டிய பின்னர் உடனே பொறியை இயக்காது, பம்பிற்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, பொருத்துகள் ஒவ்வொன்றின் கீழும் மெல்லிய காகிதத்தை விரித்து 24 மணிநேரம் நீரை ஓடவிடுதல் வேண்டும். பொருத்து ஒவ்வொன்றையும் கை எட்டித் தொடத்தக்க அகலம் பேழைக்கு உண்டா என்பது அன்று விளங்கிவிடும். காகிதம் மறுநாளும் உலர்ந்தே இருப்பின் ஏனைய மின்கம்பிகளைப் பூட்டலாம்.