ஏன் என்று கேட்கக் கூடாத வானொலி

மதுரை காளவாசல் சிக்னலில் நிற்கிற ஷேர் ஆட்டோக்காரருக்கு எப்.எம்.முக்குப் பஞ்சமே இல்லை. 91.9, 93.5, 98.3, 106.4 என்று தனியார் பண்பலைகள். 103.3இல் மதுரை வானொலி. மலைமேலிருந்து 100.5இல் கோடைப் பண்பலை. விராட்டிபத்துப் பக்கம் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்று ஆர்.ஜே. சொல்லலாம். எஸ்.எஸ். காலனியில் நாளை கரண்ட் இருக்காது, பொன்மேனியில் குடிநீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லலாம். அந்தத் தண்ணீர் ஏன் வரவில்லை, பொறுப்பு யாருடையது, வார்டு கவுன்சிலர் என்ன சொல்கிறார் என்று ஒரு மணி நேரம் ஆட்களைக் கூட்டிப் பேச முடியாது. அப்படிப் பேசினால் அது ‘செய்தி மற்றும் நடப்பு நிகழ்வு’ ஆகிவிடும். உரிமம் போய்விடும் என்ற பயத்தில் நிலையங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன.

ஆர்.ஜே.க்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய அரசின் விதி அப்படி. 2011இல் வந்த மூன்றாம் கட்ட எப்.எம். கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்ய மட்டும் தனியாரை அனுமதித்தது. போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு ஆகியவற்றைச் செய்தி அல்லாதவை என்று பிரித்துக் கொடுத்தது. சொந்தமாகச் செய்தி சேகரிக்கவோ, அதை விவாதிக்கவோ வழி இல்லை. ஊரில் அச்சாகிற நாளிதழ் செய்யலாம், கேபிளில் வருகிற டி.வி. செய்யலாம், கையில் இருக்கிற போன் செய்யலாம். ரேடியோ மட்டும் கூடாது.

இதன் இழப்பு என்ன என்பதை மேலூர்ப் பக்கம் பார்த்தோம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த தகவல் வெளியானதும் கிராமங்கள் கொதித்தன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர் அது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. இரண்டரை மாதம் மாவட்டமே வேறு எதையும் பேசவில்லை. சுரங்கம் வந்தால் கண்மாய் என்னாகும், குகைத்தளக் கல்வெட்டு என்னாகும், ஏலம் எடுத்த நிறுவனத்தின் வாதம் என்ன, மத்திய அரசின் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு புவியியல் பேராசிரியரையும் ஒரு விவசாயியையும் ஓர் அதிகாரியையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தினமும் பேச வேண்டிய காலம் அது. மதுரையின் தனியார் பண்பலை எதற்கும் அந்த அனுமதி இல்லை.

அரசு வானொலிக்கும் கை கட்டப்பட்டிருக்கிறது. மதுரை நிலையம் 1987இல் தொடங்கியது. நாட்டுப்புறப் பாட்டுக்கும், ஊர்க் கலைஞர்களுக்கும், விவசாயத்துக்கும் அது செய்த தொண்டு பெரிது. ஆனால் அகில இந்திய வானொலியின் நெறிமுறை, எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய அரசையோ மாநில அரசையோ கடுமையாக விமர்சிக்கக் கூடாது என்கிறது. வெறுப்புப் பேச்சுக்குத் தடை போட்டது சரி. விமர்சனத்துக்கே தடை என்றால் பாதாளச் சாக்கடையைப் பற்றிக்கூட முழுதாகப் பேச முடியாது.

பேசத் தெரியாத ஊரா இது? அரசரடியில் காலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். ஒரே பேப்பர் நாலு தாளாகப் பிரிந்து நாலு கையில் இருக்கும். ஒருவர் சத்தமாக வாசிப்பார்.

“ஏண்ணே, குழி தோண்டுனவய்ங்க மூடவே மாட்டாய்ங்களா?”

“மூடுவாய்ங்க மாப்ள, மழை பெய்யட்டும். அப்பத்தான் மறுபடி தோண்டலாம்.”

பக்கத்தில் வடை தட்டுகிறவர் டெண்டர் தொகையிலிருந்து கதையை ஆரம்பிப்பார். பட்டிமன்றத்தை வீட்டு வரவேற்பறை வரை கொண்டுவந்த சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நாட்டுப்புறப் பாடல்களை வயல்வெளியிலிருந்து மேடைக்கு ஏற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இந்தப் பேச்சும் பாட்டும் இருக்கிற ஊரில் இவை இரண்டும் ஊர்ப் பிரச்சினையோடு சேர்ந்து ஒலிக்க ஓர் அலைவரிசை இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அலைவரிசை யாருடையது என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்றே தீர்த்துவிட்டது. வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், அது பொதுச்சொத்து என்றது தீர்ப்பு. அதன் தொடர்ச்சியாகத்தான் சமுதாய வானொலி வந்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4, 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, சுனாமி பாதித்த நாகைக் கடற்கரையில் விழுந்தமாவடியிலிருந்து களஞ்சியம் வானொலியை நடத்துவது இந்த வழியில்தான். 100 வாட் சக்தி, அதிகம் போனால் 30 மீட்டர் உயரக் கம்பம். காளவாசலில் அப்படி ஒன்று நட்டால் கோச்சடை, பெத்தானியாபுரம், பழங்காநத்தம், திருப்பரங்குன்றம் வரை தாராளமாகக் கேட்கும். ஒரு நகரத்தின் மேற்குப் பகுதிக்கு அது போதும். ஆனால் அந்தக் கொள்கையிலும் செய்தி, நடப்பு நிகழ்வு, அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சி கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர்மக்களே பங்கேற்று உருவாக்க வேண்டும் என்ற நல்ல நிபந்தனையும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. ஊர்மக்கள் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தால் வேறு எதைப் பேசுவார்கள்?

கேட்கிறவர்கள் திருப்பிப் பேசும்போது வானொலியின் பலம் பல மடங்காகும் என்பதை நம் நாடே நிரூபித்திருக்கிறது. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி 150 கிராமங்களில் ஒரு சோதனை செய்தது. வாரம் இரண்டு முறை, பத்து வாரம், அரை மணி நேர நிகழ்ச்சி. ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் இருபது பேர் கூடிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் விவாதித்தார்கள். சந்தேகங்களை எழுதி அனுப்பினார்கள். அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் பதில் வந்தது. கேட்பவர்களின் அறிவு நன்றாகவே கூடியது என்று ஆய்வு சொன்னது. அறுபதுகளில் திருச்சி வானொலி பேசிப் பேசியே ஆடுதுறை 27 ரகத்தைத் தஞ்சை வயல்களில் பரப்பியது. விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்தார்கள். நெல்லைப் பேசி வெற்றி கண்ட வானொலிக்கு, நெல்லுக்கான தண்ணீரின் அரசியலைப் பேச உரிமை கொடுக்கவில்லை.

பக்கத்து நேபாளத்தைப் பார்க்கலாம். தெற்காசியாவின் முதல் சுதந்திர சமுதாய வானொலியான சாகர்மாதா 1997 மே மாதம் காத்மாண்டுவில் தொடங்கியது. பின்னால் மலைக் கிராமங்களிலெல்லாம் சிறு நிலையங்கள் முளைத்துச் செய்தி சொல்லின. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்து எப்.எம். செய்தியைத் தடை செய்தார். வானொலிக்காரர்கள் செய்தியைப் பாட்டாகப் பாடினார்கள். தெருவில் கூட்டத்தைக் கூட்டி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அதே ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நம்மைவிட ஏழை நாடு அது.

வானொலிக்குச் செய்தி பேசும் உரிமை கேட்டால், சாதிக் கலவரம் மூளும், பாதுகாப்புக்கு ஆபத்து என்பதுதான் எப்போதும் வரும் பதில். தென் மாவட்டங்களில் இருப்பவர்கள் அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி இனப்படுகொலைக்குத் தூபம் போட்டது. ஆனால் அது ஆட்சியாளர்களின் அரவணைப்பில் வளர்ந்த நிலையம், ஊரார் நடத்தியதல்ல. வெறுப்பைத் தண்டிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. முகம் தெரியாதவர் அனுப்பும் வாட்ஸ்அப் வதந்தியைவிட, பெயரும் முகவரியும் உரிமமும் உள்ள ஒரு நிலையத்தைக் கேள்வி கேட்பது காவல்துறைக்கும் எளிது.

இந்த உரிமை கிடைத்தால் முதல் வாரத்திலேயே கிருதுமால் நதியைப் பற்றி ஒரு தொடர் போடலாம். துவரிமான் பக்கத்துத் தண்ணீரைச் சுமந்து நகருக்குள் வந்த ஆறு இன்று சாக்கடையாக ஓடுகிறது. அதன் கரையில் வாழ்கிறவர், மாநகராட்சிப் பொறியாளர், அந்த ஆற்றில் குளித்த நினைவுள்ள மூத்தவர், மூவரும் ஒரே மேசையில். இடையில் ஒரு தெம்மாங்கு. 100 வார்டு உள்ள மாநகராட்சியில் வாரம் இரண்டு வார்டு என்று எடுத்தால் ஓர் ஆண்டில் ஒரு சுற்று வந்துவிடும்.

2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை செய்தது: தனியார் எப்.எம்.கள் மணிக்கு பத்து நிமிடம் செய்தியும் நடப்பு நிகழ்வும் ஒலிபரப்பலாம். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 பிப்ரவரியில் சமுதாய வானொலிக்கான விதிகளைத் திருத்தியபோது விளம்பர நேரத்தை மணிக்கு ஏழு நிமிடத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினார்கள். பணத்துக்கு வழி செய்தது நல்லது. பேச்சுக்கும் வழி செய்ய வேண்டும். அதுவும் லாபம் பார்க்காத சமுதாய வானொலிக்கு முதலில். மதுரை மாவட்டம் மதுரை, விருதுநகர், தேனி என்று மூன்று மக்களவைத் தொகுதிகளில் கிடக்கிறது. அந்த மூன்று உறுப்பினர்களும் சேர்ந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சரிடம் இந்த ஒரு தடையை நீக்கும்படி கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கச் சொல்ல வேண்டியது அரசரடி டீக்கடையில் பேப்பர் வாசிக்கிற நாம்தான்.