ஜெல் நகப்பூச்சும் மின் அரமும்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அழகு நிலையத் தொழில் இன்று பெரு நகரங்களோடு நின்றுவிடவில்லை. வட்டாரத் தலைமையிடங்களிலும், பேருந்து நிற்கும் பெரிய கிராமங்களிலும் மகளிர் நடத்தும் சிறு நிலையங்கள் ஏற்பட்டு வருகின்றன. மாவட்டங்களில் உள்ள ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இத்தொழில் கற்பிக்கப்படுகிறது. பயிற்சி முடித்தவர்கள் சுய உதவிக் குழுவின் மூலமாகவும், 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின் மூலமாகவும் கடன் பெற முயல்கின்றனர். முத்ராவின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். நாற்காலி, கண்ணாடி, மின் இணைப்பு ஆகியவை போக எஞ்சும் தொகையில்தான் நகப்பூச்சுச் சாதனங்களை வாங்கியாக வேண்டும்.

இக்கடன் மனுக்கள் குழுக் கூட்டத்திலும், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் பரிசீலனைக்கு வருகின்றன. விதையையும் உரத்தையும் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த நமக்கு இச்சாதனங்களைப் பற்றிக் கேட்கத் தெரிவதில்லை. விலைப் பட்டியலைப் பார்த்துக் குறைந்த தொகைக்குச் சம்மதம் கூறிவிடுகிறோம். தவறான விதையினால் ஒரு போகம் நஷ்டமாகலாம். தவறான ஜெல்லினாலோ தொழில் புரியும் பெண்ணின் கைகளே அத்தொழிலுக்கு உதவாமற் போகக்கூடும். கடன் மட்டும் நிற்கும். ஆகவே இச்சாதனங்களின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வது அவசியமாகும்.

ஜெல் என்பது யாது?

சாதாரண நகப்பூச்சு காற்றில் உலர்கிறது. ஜெல் அவ்வாறு உலர்வதில்லை. அது அக்ரிலேட் இனத்தைச் சேர்ந்த கூழ் போன்ற பொருள். அதனுடன் ஒளிபட்டவுடன் வேலையைத் தொடங்கி வைக்கும் மருந்து ஒன்று கலந்திருக்கும். விளக்கின் கதிர் பட்டதும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியான படலமாகின்றன. சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகுவதைப் போன்றே இதுவும் ஓர் இரசாயன மாற்றம். சிமெண்டுக்கு நீர் குறைந்தால் கட்டடம் பலவீனமாவது போல, ஜெல்லுக்குக் கதிர் குறைந்தால் படலம் முற்ற இறுகாது. மேற்பரப்பு கெட்டியாகத் தோன்றினும் உட்பகுதியில் இறுகாத அக்ரிலேட் தங்கிவிடும்.

ஜெல்லும் விளக்கும் ஒரு ஜோடி

இங்குதான் முதல் விதி பிறக்கிறது. ஜெல்லையும் விளக்கையும் தனித்தனியே மலிவு பார்த்து வாங்கலாகாது. ஜெல் தயாரித்தவர் எந்த விளக்கை, எத்தனை விநாடிக்குக் குறிப்பிடுகிறாரோ அந்த விளக்கையே வாங்க வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய கதிர்களைத் தருகின்றன. ஜெல்லில் உள்ள மருந்து எந்த அலைநீளத்தை ஏற்குமோ அது விளக்கில் இல்லையெனில், எத்தனை 'வாட்' எழுதியிருந்தாலும் பயனில்லை. கிணற்றின் ஆழத்தைப் பாராமல் குதிரைத்திறனை மட்டும் பார்த்துப் பம்பு செட் வாங்குவதற்கு இது ஒப்பாகும்.

மின்தடை நேரும் ஊர்களில் விளக்குக்கும் அரத்துக்கும் மாற்று மின்வசதி இருக்க வேண்டும். பூச்சு இறுகும்போது மின்சாரம் நின்றால், அந்தப் பூச்சுக்குரிய நேரத்தை மீண்டும் முழுமையாகக் கொடுப்பதே முறை. பூச்சு தடித்தால் கதிர் அடிவரை செல்லாது. இறுகும்போது சூடும் மிகும். ஆதலால் மெல்லிய பூச்சாகவே இட வேண்டும். குப்பிகளை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும். சூரிய ஒளியிலும் ஜெல் இறுகிவிடும்.

தொழில் புரிபவரின் கை

இறுகாத அக்ரிலேட் தோலில் பலமுறை பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, நகம் சதையினின்று பெயர்தல் ஆகியவை அதன் குறிகள். கையால் முகத்தைத் தொடுவதனால் இமைகளிலும் அரிப்புக் காணலாம். ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பல் மருத்துவத்திலும் எலும்பு மூட்டு அறுவை மருத்துவத்திலும் இதே இனப் பொருள்கள் பயன்படுவதால் பிற்காலத்தில் அங்கும் இடையூறு நேரலாம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2012-ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டையே குறிப்பிட்டது.

'ஹேமா' என்ற அக்ரிலேட் கலந்த நகப்பூச்சைப் பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 'டி.பி.ஓ.' என்ற ஒளி மருந்து அழகுப் பொருள்களில் கலக்கப்படுவதை 2025 செப்டம்பர் 1 முதல் அது தடை செய்தது. ஆகையால் சரக்கு வாங்கும்போது இவ்விரண்டும் இல்லாதவற்றைக் கேட்டு வாங்குவது விவேகம்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி குப்பியின் சீட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண், பயன்படுத்தும் காலக்கெடு, அடங்கிய பொருள்கள் ஆகியவை இருத்தல் வேண்டும். வெளிநாட்டுச் சரக்காயின் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் காணப்பட வேண்டும். சீட்டில்லாத பூச்சிமருந்தை நாம் வாங்குவதில்லை. சீட்டில்லாத ஜெல்லையும் வாங்கலாகாது.

வேலை செய்யும்போது நைட்ரைல் கையுறை அணிந்து, அதை அடிக்கடி மாற்ற வேண்டும். மெல்லிய கையுறையின் ஊடே அக்ரிலேட் சில நிமிடங்களில் கசிந்துவிடும். தோலில் ஒட்டிய ஜெல்லை விளக்கில் காட்டுமுன் அகற்ற வேண்டும். இறுகிய பின் மேலே நிற்கும் பிசுபிசுப்பை வெறும் விரலால் தொடாமல், ஆல்கஹால் நனைத்த துணித்துண்டால் துடைக்க வேண்டும்.

எவ்வகை ஜெல் நமக்கு ஏற்றது?

அசிட்டோனில் ஊறவைத்து அகற்றும் மென்வகை ஒன்று. அரத்தால் தேய்த்தே அகற்ற வேண்டிய வன்வகை மற்றொன்று. புதிதாகத் தொடங்குவோருக்கு மென்வகையே ஏற்றது. அதை அகற்றுவது எளிது; நகத்தைத் தேய்க்கும் வேலையும் குறைவு. அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது ஆகையால் அடுப்புக்கும் விளக்குச் சுடருக்கும் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் வாழ்க்கையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்று நடுவோரும் களை எடுப்போரும் நாள் முழுதும் சேற்றிலும் நீரிலும் கை வைப்பவர்கள். நீண்ட செயற்கை நகம் அவர்களுக்குப் பொருந்தாது. அது நெம்பிப் பெயர்ந்தால் இடுக்கில் ஈரம் தங்கிக் கிருமிகள் வளரும். குட்டையான நகத்தின் மீது மெல்லிய பூச்சே போதும். பூச்சு பெயர்ந்தால் பிய்த்தெடுக்காமல் நிலையத்துக்கு வரும்படி சொல்லியனுப்ப வேண்டும்.

மின் அரம்

கடைகளில் 'நெயில் டிரில்' எனப்படும் மின் அரம் நகத்தைத் துளைப்பதற்கன்று; பழைய பூச்சைத் தேய்த்து அகற்றுவதற்கும் சமன் செய்வதற்கும் உரியது. நகத்தின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. கைநகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நொடி அஜாக்கிரதையால் தேய்ந்த நகம் முழுதும் புதிதாக வர ஆறு மாதமாகும்.

நிமிடத்துக்கு 35,000 சுற்று என்று விளம்பரம் செய்யும் கருவிகள் உண்டு. அவ்வேகம் அன்றாட வேலைக்குத் தேவையில்லை. கவனிக்க வேண்டியவை வேறு. முதலாவது, குறைந்த வேகத்திலும் அழுத்தினால் திணறாத இழுவைத்திறன். சேற்றில் திணறாத டிராக்டரையே நாம் நல்லதென்கிறோம் அல்லவா? இரண்டாவது, கைப்பிடி அதிராமை. முள் சற்றே ஆடினாலும் நகத்தில் பள்ளம் விழும். இயக்குபவரின் மணிக்கட்டும் நோகும். மூன்றாவது, இரு திசையிலும் சுழலும் வசதி. இடக்கைப் பழக்கமுள்ளோருக்கு இது மிகத் தேவை. நான்காவது, எங்கும் கிடைக்கும் 2.35 மில்லிமீட்டர் காம்புள்ள முள்ளை ஏற்பது. ஐந்தாவது, பழுதுபார்க்கும் வசதி அருகில் இருத்தல்.

முள்ளை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் சூடேறும். நீரிழிவு நோயுள்ளவர்களுக்கு நகக்கண்ணருகில் மின் அரம் வைக்காதிருத்தல் நலம். சிறு காயமும் அவர்களுக்குப் புண்ணாகக்கூடும்.

தூசியும் தூய்மையும்

தேய்க்கும்போது எழும் நுண்தூசி மூச்சில் செல்லும். மேசைமேல் வைக்கும் தூசி உறிஞ்சியையும் அரத்தின் விலையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். துணி முகமூடி போதாது. என்-95 முகமூடி தேவை. ஆயினும் அது ஆவியைத் தடுக்காது. எனவே காற்றோட்டமான அறையும் வேண்டும்.

உலோக முட்களை ஒவ்வொருவருக்கும் பின் சோப்பும் தூரிகையும் கொண்டு கழுவி, உலர்த்தி, கிருமிநாசினியில் சீட்டில் குறித்த நேரம் ஊறவைக்க வேண்டும். நீராவிக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் வைப்பது அதனினும் சிறந்தது. நீல ஒளிப் பெட்டியில் வைத்து எடுப்பது மட்டும் சுத்தமாகாது. மணற்காகித உறைகளை ஒருவருக்கு ஒன்று எனப் பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும்.

கணக்கு

ஒரு குப்பி 30 பேருக்கு வருகிறது எனக் கொள்வோம். 300 ரூபாய்க் குப்பியாயின் ஒருவருக்குப் பத்து ரூபாய்; 900 ரூபாய்க் குப்பியாயின் முப்பது ரூபாய். வேறுபாடு இருபது ரூபாயே. மலிவுச் சரக்கு பெயர்ந்து ஒருவருக்கு இலவசமாக மீண்டும் செய்ய நேர்ந்தால், பலரிடம் மிச்சப்படுத்தியது ஒரு மணி நேர உழைப்பில் கரைந்துவிடும். திருமணங்கள் நிகழும் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் வேலை மிகும். ஆடியிலும் மார்கழியிலும் குறையும். எனவே நூறு நிறங்களை வாங்கிக் காலக்கெடு கடக்க விடாமல், விற்பனையாகும் சில நிறங்களுடன் தொடங்குவதே சிக்கனமாகும்.

மனு வரும்போது உறுப்பினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். விளக்கு அந்த ஜெல்லுக்குரியதா? குப்பியில் முறையான சீட்டு உள்ளதா? தூசி உறிஞ்சியும் கையுறையும் பட்டியலில் உள்ளனவா? மனுதாரர் மின் அரத்தில் பயிற்சி பெற்றவரா? இவற்றிற்கு விடை கிடைத்த பின்னர் சற்றுக் கூடுதலான தொகைக்கும் தயங்காது சம்மதிக்கலாம். கையுறைக்கும் தூசி உறிஞ்சிக்கும் செலவிடும் தொகை, பல்லாண்டு உழைக்க வேண்டிய கைகளுக்கு நாம் அளிக்கும் காப்பு ஆகும்.