வாக்குச் சீட்டும் பிறப்புப் பத்திரமும்

தேர்தலைப் பற்றிய பேச்சை நம் மேடைகளில் உத்தரமேரூரிலிருந்து தொடங்குவது வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற சாசனங்கள் குடவோலை முறையை விரித்துரைப்பது உண்மையே. ஆயின் அதைப் பாடஞ் சொல்லும்போது ஒரு செய்தியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கால் வேலிக்கு மேல் இறை கொடுக்கும் நிலமும், தன் மனையில் எடுத்த வீடும் உடையவன் பெயரையே ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். லயத்து வீட்டில் குடியிருப்பவன் அன்று இருந்திருந்தால் அவன் பெயர் குடத்திற்குள் சென்றிராது.

யார் பெயரை எழுதுவது என்னும் அவ்வினா நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்னும் முற்றத் தீரவில்லை. மலாயாவின் முதற் கூட்டரசுத் தேர்தல் 1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்றது. தொகுதிகள் 52, வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியரோ நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தோம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தோட்ட மக்கள் அக்கறையின்றி இருந்தனர் என்று சிலர் இதற்குக் காரணங் கூறுவது பொருந்தாது. கூட்டரசுப் பிரஜைகளே வாக்காளராகப் பதிய இயலும். 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ்ப் பால்மரம் வெட்டியோரிற் பெரும்பாலோர் பிரஜைகளாகக் கொள்ளப்படவில்லை.

கதவு சற்றே அகலத் திறந்தது 1957இல். இந்நாட்டில் பிறந்தும் பிரஜாவுரிமை பெறாதிருந்தோர், மெர்டேக்கா நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழி அறிவைக் காட்ட வேண்டியதில்லை என அரசியலமைப்பு சலுகை தந்தது. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை 21 லட்சத்தைக் கடந்திருந்தது. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த இப்பெருக்கத்தில் சட்டத்தின் பங்கு ஒரு பாதி. மறுபாதி, பாரங்களை எழுதி நிரப்பிய கைகளின் பங்கு. தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர் கிராணியும் வாத்தியாரும் சங்கத்துக் கிளைச் செயலாளருமாகச் சிலரே. 'பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்தேன்' என்பவருக்கு ஆண்டும் தேதியும் காண்பது எளிய வேலையன்று.

அவ்வாண்டைத் தவறவிட்டவர்களிற் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர். 1969இல் பிரஜையல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டுச் சென்றனர். வாக்குரிமை வேறு, வயிற்றுப்பாடு வேறு என்று கருதியோர்க்கு அந்நிகழ்ச்சி விடையாயிற்று.

சட்டம் பின்னர் குறுகியது. 1962 செப்டம்பருக்குப் பின் இங்குப் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. நிரந்தரவாசியின் பிள்ளைக்கு இருந்த அவ்வழியையும் நீக்கும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. இதனோடு திருமணச் சட்டத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். 1982 மார்ச்சு முதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணத்தைப் பதிவு செய்தலும் வேண்டும். பதியாத மணத்திற் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே பின்பற்றும். தந்தை நீல அடையாள அட்டைக்காரராக இருப்பினும், தாய்க்கு ஆவணம் இல்லையேல் பிள்ளைக்கும் இல்லை. ஊரறிய மேளங்கொட்டி நடந்த மணம் இலாகாவுக்குத் தெரியாமற் போவது நம்மவரிற் பலருக்கு விளங்குவதேயில்லை. அவர்களைக் குறை கூறி என்ன பயன்? எடுத்துச் சொல்வார் இல்லை.

இக்குறையை முதலிற் காண்பவர் தலைமையாசிரியரே. முதலாம் வகுப்புச் சேர்க்கையின்போது, பத்திரம் இல்லை என்று தாய் தலைகுனிந்து நிற்பாள். பிள்ளையைச் சேர்ப்பதோடு நம் வேலை முடிந்தது என நாம் கருதலாகாது. பிறப்புப் பத்திரமின்றிப் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை இல்லை. அட்டையின்றி வாக்காளர் பட்டியலிற் பெயர் இல்லை. ஏழு வயதிற் கண்டால் மகப்பேறு பார்த்த மருத்துவமனை ஏடும், தோட்டத்துச் சாட்சியும் கிடைக்கும். பதினெட்டு வயதிற் கண்டால் தோட்டமே விற்கப்பட்டிருக்கும், சாட்சி சொல்வோர் மறைந்திருப்பர்.

பட்டியலிற் பெயர் ஏறுவது இப்போது முன்னினும் எளிது. 2016இல் மாணவர் சிலர் தொடங்கிய 'உண்டி 18' இயக்கம் ஆதரவு திரட்டியது. 2019 ஜூலை 16இல் மக்களவையில் 211 உறுப்பினரும் ஒருமுகமாக வாக்கு வயதைப் பதினெட்டாகக் குறைத்தனர். அரசாங்கம் நடைமுறைப்படுத்தக் காலந்தாழ்த்தவே இளைஞர்கள் நீதிமன்றம் ஏறினர். கூச்சிங் உயர்நீதிமன்றம் கெடு விதித்தது. 2021 டிசம்பர் 15 முதல் தானியங்கிப் பதிவும் நடப்புக்கு வந்தது. 2018இல் ஒரு கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022இல் இரண்டு கோடியே 11 லட்சமாயிற்று.

பட்டியலிற் பெயர் இருந்தும் வாக்களிக்க இயலாமற் போனதும் நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் வாக்காளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 2018இல் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி வேட்புமனுவோடு சென்றபோது, நுழைவுச் சீட்டு இல்லை என்று அவரைத் தடுத்துவிட்டனர். முகமது ஹசான் போட்டியின்றித் தேர்வானார். அப்படியொரு சீட்டைத் தேர்தல் விதிகள் கேட்கவேயில்லை. தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றியைச் செல்லாது என்றது. 2019 பிப்ரவரியிற் கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் முகமது ஹசானே 4,510 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். ரந்தாவ் மக்கள் தாம் கேட்ட வாக்குப் பெட்டியைப் பெற்றனர். முடிவு யாருக்குச் சாதகம் என்பது அடுத்த செய்தி.

இப்போது நம்முன் உள்ள சிக்கல் முகவரி. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிரம்பான், நீலாய் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. அட்டையிலோ பழைய லயத்து எண்ணே நிற்கிறது. தானாகப் பதியும் பெயர் அந்த முகவரிக்கே செல்லும். பதிவிலாகாவில் முகவரியை மாற்றிய பின், வாக்களிக்கும் இடத்தை மாற்றித் தருமாறு தேர்தல் ஆணையத்திடமும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். முதலாவதைச் செய்தவர் பலரும் இரண்டாவதை அறியார். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் கைப்பேசியைத் திறந்து ஒவ்வொருவர் பெயரையும் ஆணையத்தின் பட்டியலிற் பார்த்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். வரும் ஆண்டுக் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.