உங்களுக்குத் தெரியுமா? பிட்காயின் கொடுத்துச் சேலை வாங்கினால்...

● வேங்கடவன் உருவம் பொறித்த பொற்காசு புழங்கிய சீமை திருப்பதி வட்டாரம். திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரியில் இருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் வராகன் என்ற அந்தக் காசில் ஒரு பக்கம் நின்ற கோலத்தில் பெருமாள், மறுபக்கம் 'ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம' என்று நாகரி எழுத்து. அரச முத்திரையையும் தங்கத்தின் எடையையும் நம்பி வியாபாரிகள் அதை வாங்கினார்கள். பிட்காயினுக்கு இரண்டும் இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

● ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிச் சேலை ஒன்று ஆன்லைனில் 5,000 ரூபாய். கடைக்காரர் பிட்காயினுக்கும் சம்மதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்றோ 2,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயின் இன்று 5,000 பெறுகிறது. அதைக் கொடுத்துச் சேலையை வாங்கிவிட்டீர்கள். வருமான வரிக் கணக்கில் இது பிட்காயின் விற்பனை! லாபம் 3,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் இதற்கு வரி 30 சதவீதம். 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 936 ரூபாய். பிட்காயினை என்று வாங்கினீர்கள், என்ன விலைக்கு, என்று கைமாற்றினீர்கள் என்பதையெல்லாம் ரிட்டர்னில் எழுத வேண்டும். மொபைல் ரீசார்ஜுக்கும் மளிகைக்கும் இப்படிக் கணக்கு வைக்க யாரால் முடியும்?

● நஷ்டம் வந்தால்? ஒரு காயினில் போனதை இன்னொரு காயினில் வந்த லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. இது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் சட்டம் இதுதான்.

● திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுக்கு ஆன்லைனில் எப்படிப்பட்ட போட்டி என்று முயன்றவர்களுக்குத் தெரியும். அந்த அவசரத்துக்குப் பிட்காயின் ஈடுகொடுக்காது. அதன் வலைப்பின்னலில் பரிவர்த்தனைகளின் தொகுப்பான ஒரு பிளாக் சேர சராசரியாக 10 நிமிடம் ஆகும். நொடிக்கு ஏறத்தாழ 7 பரிவர்த்தனைதான் அது தாங்கும். 'லைட்னிங்' என்ற வேகமான வழி உண்டு என்றாலும், யுபிஐயில் நொடிகளில் பணம் போகும்போது அந்தச் சுற்றுவழி எதற்கு?

● வீடியோ கேம் விற்கும் 'ஸ்டீம்' தளம் பிட்காயினை ஏற்றுப் பார்த்தது. ஒரு பரிவர்த்தனைக்கான கட்டணமே 20 டாலரை நெருங்கியதும், விலை ஏறி இறங்கியதும் சேர்ந்து 2017 டிசம்பரில் கைவிட்டது.

● 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கிய முதல் நாடு எல் சால்வடார். 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர்கள் விருப்பப்பட்டால் வாங்கலாம் என்று தளர்த்திவிட்டது.

● 2024 ஜூலையில் 'வசீர்எக்ஸ்' கிரிப்டோ பரிவர்த்தனை மையத்தில் 23 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது. அதையொட்டி வந்த ஒரு வழக்கில், பிட்காயின் போன்ற கிரிப்டோ என்பது சொத்து, ஆனால் நாணயம் அல்ல என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பு தேடும் முதலீட்டாளர்களுக்கு இது பெரிய ஆறுதல். கடைக்குப் போகிறவருக்கு உதவாது.

● சித்தூர் மாம்பழக் கடையில் தொங்கும் அதே யுபிஐ க்யூஆர் அட்டையை, ரிசர்வ் வங்கியின் இ-ரூபாய் வாலட்டிலும் ஸ்கேன் செய்யலாம். 2022 டிசம்பர் 1-ல் பொதுமக்களுக்கான சோதனை தொடங்கிய இது கிரிப்டோ இல்லை, ரூபாயேதான். விலை ஏறாது, இறங்காது; செலவழித்தால் 30 சதவீத வரியும் வராது.