ஒளி எழுதிய முகங்கள் – 14: கொஞ்சம் முன்னதாகவே நின்ற கை

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தம்பி தன் ஆச்சியைப் படம் எடுத்தான். எடுத்த கையோடு இரண்டு விரலால் திரையை விரித்து, ஆச்சியின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தான். “ஷேக் ஆயிருச்சு ஆச்சி, இன்னொண்ணு எடுக்கிறேன்” என்று அதை அழித்துவிட்டான். ஆச்சி வாய்விட்டுச் சிரித்தது அந்த முதல் படத்தில்தான். இரண்டாவதில் இமை முடிகூட எண்ணும்படி இருந்தது. ஆச்சி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

படம் ஷார்ப்பாக இல்லையென்றால் தப்பு என்ற இந்தத் தீர்ப்பு பழையது. அதைப் படம் எடுத்த காலமெல்லாம் கேட்டவர் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராதான் அவருடைய தொடக்கம். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனது, கரி போடும் அறை இருட்டறை ஆனது.

அந்தக் காலத்து வேலை சுலபமில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். பெரிய தகடு, முகத்துக்கு வெகு பக்கத்தில் லென்ஸ். மூக்கு தெளிந்தால் காது கரையும். உட்கார்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையக் கூடாது. மூச்சு விட்டாலும் பதியும்.

‘ஃபோகஸ் செய்யத் தெரியாத பெண்மணி’ என்ற ரீதியில் தொழில் பத்திரிகைகள் எழுதின. தெரியாமல் இல்லை. ஃபோகஸ் திருகும்போது தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டதாக, மற்றவர்கள் வற்புறுத்தும் துல்லியத்துக்கு அதற்கு மேல் திருகவில்லை என்று, தன் நினைவுக் குறிப்பில் அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் இன்னும் பெரிய கேமராவும் மேலான லென்ஸும் வாங்கினார். அப்போதும் அந்த மென்மை போகவில்லை. குற்றம் லென்ஸுடையது என்றால் போயிருக்க வேண்டுமே!

1867-ல் அவர் எடுத்த ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். ஹெர்ஷல் வானியல் அறிஞர். இருட்டறையில் நாம் ‘ஹைப்போ’ என்று சொன்னோமே, வெள்ளி உப்பைக் கரைக்கும் அதன் குணத்தைக் கண்டறிந்தவரும் அவரே. படம் எடுக்குமுன் அவரைத் தலைக்குக் குளிக்கச் சொன்னாராம் கேமரூன். நரைமுடி வெடித்த இலவங்காய்ப் பஞ்சு மாதிரி நிற்கிறது. கறுப்புத் துணி இருட்டோடு கலந்துவிட, முகம் மட்டும் மிதக்கிறது. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, ஈரமாக மின்னும் விழி. ஒரு கோடுகூட கத்தி முனைபோல் இல்லை. ஆனாலும் எதிரே ஒரு கிழவர் மூச்சு விடுகிறார்.

கலங்கினால் கலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேமரூனிடமும் தேறாத படங்கள் உண்டு. குழந்தைகளுக்கு இறக்கை கட்டி தேவதையாக்கிய சில படங்களை எந்த ஃபோகஸும் காப்பாற்றாது. ஒரு விபத்துப் படத்தில் வண்டி எண் தெரிந்தே ஆக வேண்டும், அங்கே மென்மைக்கு வேலை இல்லை. முகம் வேறு. நாம் நேசிப்பவர் முகத்தை நாம் ஒருநாளும் மயிர்க்கால் மயிர்க்காலாகப் பார்ப்பதில்லை.

1875-ல் கேமரூன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவர் சார்ல்ஸுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று இலங்கை வாசகர்கள் பாடத்தில் படித்திருப்பார்களே, அந்தக் கமரன் இவர்தான். 1879-ல் ஜூலியா அங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அதில் களுத்துறையில் எடுத்த ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. ஒரு முதியவர், ஒரு சிறுமி. கேமரூனுக்குப் படத்தின் கீழே தன் கையால் எழுதும் பழக்கம் உண்டு. ஹெர்ஷலுக்குப் பெயர் எழுதினார், கவிஞர் டென்னிசனுக்கு எழுதினார். இதன் கீழும் எழுதியிருக்கிறார்: சிறுமிக்கு வயது பன்னிரண்டு, முதியவர் தன்னை அவள் தகப்பன் என்கிறார், வயது நூறு என்கிறார் என்று. இருவர் பெயரும் அதில் இல்லை.