பழகிய செவியும் புதிய ஒலியும்

இங்கிலாந்தின் ரேடியோஹெட் என்னும் ராக் இசைக் குழுவினர், 1997-இல் வெளியிட்ட 'ஓகே கம்ப்யூட்டர்' இசைத்தட்டினால் பெரும்புகழ் எய்தினர். கித்தார் நாதமே அதற்கு உயிர்நாடி. மூன்றாண்டுகள் காத்திருந்த ரசிகர்கள், 2000 அக்டோபரில் வெளிவந்த 'கிட் ஏ'யைக் கேட்டுத் திகைத்தனர். கித்தார் பின்னே ஒதுங்கியது. மின்னணு ஒலிகள் முன்னே நின்றன. பாடகர் தாம் யார்க்கின் குரலும் இயந்திர வழியே உருமாறி ஒலித்தது. குழுவினர் தம்மைக் கைவிட்டனரென ஒரு சாரார் வருந்தினர். புதுவழி கண்டனரென மற்றொரு சாரார் மகிழ்ந்தனர். எனினும் அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது.

இப்பிணக்கு ஏன்? பழகிய இசையில் அடுத்து வருவதை நம் செவி முன்னரே எதிர்பார்க்கின்றது. எதிர்பார்த்தது வாராதபோது, அதனை இசையின் குறையென்றே கருதிவிடுகின்றோம். பாடியதையே பாடினாலோ கலை தேங்கிவிடும். ஆகவே, ஒருமுறை கேட்ட அளவிலே தீர்ப்புக் கூறாது, மறுமுறையும் செவிசாய்ப்போமாக.